அது எந்த வகை என்று கேட்டீர்களா? – வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் கழுத்துக் கட்டிகளைப் பற்றி எழுதியபோது, தைராய்டில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சைக்கும் கதிரியக்க அயோடினுக்கும் நன்றாகக் கட்டுப்படுபவை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வரி தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. அதைப் படித்துவிட்டுச் சேலம் மாவட்டத்திலிருந்து எழுதியவர்களில் சிலர், அந்த வரிக்குள் அடங்காத ‘மெடுல்லரி’ என்னும் வகையால் பாதிக்கப்பட்டவர்கள் அல்லது அவர்களுடைய வீட்டார். தைராய்டுப் புற்றுநோய் கண்ட நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகவே வருகிற வகை என்பதால், பொதுவாக எழுதும்போது இது விட்டுப்போகிறது. விட்டுப்போவதால்தான் தவறும் நடக்கிறது. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன். நீரிழிவு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் கணவருக்கு வயது 47. நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறார். சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான், கழுத்தின் வலப்பக்கம் நெல்லிக்காய் அளவில் கட்டி இருப்பதைக் கவனித்தோம். சேலத்தில் ஊசி போட்டுச் சோதித்ததில் ‘மெடுல்லரி’ என்று வந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்வார்கள் என்று நினைத்தோம். மருத்துவரோ ரத்தச் சோதனை, 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை, ஸ்கேன் எல்லாம் முடித்துக்கொண்டு வரச் சொல்கிறார். மூன்று வாரம் ஆகுமாம். கட்டி கழுத்தில் இருக்கும்போது சிறுநீரை எதற்குச் சோதிக்க வேண்டும்? நாள் கடத்துகிறார்கள் என்கிறார் என் கொழுந்தனார்.
– ஒரு வாசகி, ஏற்காடு

உங்கள் மருத்துவர் நாள் கடத்தவில்லை. எதை முதலில் செய்ய வேண்டுமோ அதை முதலில் செய்கிறார். கொழுந்தனாரிடம் இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள்.

தைராய்டுச் சுரப்பிக்குள் இரண்டு குடித்தனங்கள் இருக்கின்றன. ஒன்று, உணவிலிருந்து வரும் அயோடினை இழுத்துக்கொண்டு தைராக்சின் என்னும் ஹார்மோனைச் செய்கிற உயிரணுக்கள். சுரப்பியின் பெரும்பகுதி இவைதான். மற்றொன்று, இவற்றுக்கு இடையிடையே சிறு சிறு கூட்டமாகக் கிடக்கும் ‘சி’ உயிரணுக்கள். இவற்றுக்கும் அயோடினுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது, இவை சுரப்பது கால்சிடோனின் என்னும் வேறொரு ஹார்மோன். நாம் அதிகமாகக் கேள்விப்படும் பாப்பிலரி, ஃபாலிக்குலர் வகைப் புற்றுநோய்கள் முதல் குடித்தனத்திலிருந்து வருபவை. மெடுல்லரி இரண்டாவது குடித்தனத்தைச் சேர்ந்தது. இது தனி நோய் என்று 1959இல்தான் அமெரிக்க மருத்துவர்கள் மூவர் பிரித்துக் காட்டினார்கள். ஒரே சுரப்பியில் இருக்கிறது என்பதைத் தவிர, சோதனையிலும் சிகிச்சையிலும் மற்ற இரண்டோடு இதற்கு ஒற்றுமை குறைவு.

முதல் ஊசியிலேயே பெயர் சரியாக வந்தது உங்கள் கணவரின் நல்ல காலம் என்றே சொல்வேன். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அப்படி வருவதில்லை. கண்ணாடித் தகட்டில் இந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடக்கும், சில கதிர்போல நீண்டிருக்கும். நடுநடுவே அமிலாய்டு என்னும் பசைபோன்ற பொருள் திட்டுத் திட்டாகத் தெரியும். அதன்மேல் காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, தனி ஒளியமைப்புள்ள நுண்ணோக்கியில் வைத்தால், சிவந்த அந்தத் திட்டு இளம்பச்சையாக மின்னும். இதைக் கவனிக்க நேரமும் சந்தேகமும் உள்ள நோய்க்குறியியல் மருத்துவர் வேண்டும். ‘சந்தேகத்துக்குரிய கட்டி’ என்று மட்டும் எழுதித் தந்துவிட்டால் அறுவை மருத்துவர் சாதாரண வகை என்று எண்ணிப் பாதிச் சுரப்பியை எடுத்துவிட்டு வருவதும், பிறகு மறுபடியும் கழுத்தைத் திறப்பதும் நேர்கிறது.

இனி ரத்தச் சோதனைகள். ஒன்று கால்சிடோனின், இன்னொன்று சி.இ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு புரதம். ‘சி’ உயிரணுக்கள் பெருகினால் இரண்டும் ஏறும். கால்சிடோனின் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 10 பிகோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டியது. நோய் எவ்வளவு பரவியிருக்கக் கூடும் என்பதற்கு இந்த எண் நல்ல அடையாளம்: 500ஐத் தாண்டினால் கழுத்தோடு நிற்காமல் நெஞ்சு, கல்லீரல், எலும்பு ஆகியவற்றையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டு விதி. இந்த ஹார்மோன் வெப்பத்தில் எளிதில் சிதைந்துவிடும். மலையில் ரத்தம் எடுத்து, அதைப் பையில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அஸ்தம்பட்டி நெரிசலையும் கடந்து கொடுத்தால், உள்ளதைவிடக் குறைவான எண்ணே வரக்கூடும். உங்கள் கணவரே சேலத்துக்கு வந்து, பனிக்கட்டியில் வைத்து உடனே பிரித்தெடுக்கும் வசதியுள்ள ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுப்பது நல்லது. பிற்காலத்திலும் அதே கூடத்திலேயே பார்த்துவர வேண்டும். கூடத்துக்குக் கூடம் முறை மாறும், எண்ணும் மாறும்.

கழுத்து ஸ்கேனில் கட்டியை மட்டுமல்லாமல் இருபுறமும் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கையில் தட்டுப்படுகிற அளவுக்குக் கட்டி வளர்ந்திருந்தால், பெரும்பாலும் முடிச்சுகளிலும் நோய் இறங்கியிருக்கும். எந்த முடிச்சுகளை எடுப்பது என்று அறுவை அரங்குக்குள் போன பிறகு யோசிப்பது சரியாகாது.

சிறுநீருக்கு வருகிறேன். மெடுல்லரி நோயாளிகள் நான்கு பேரில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. அந்தப் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் ஒரு கட்டி வரும், பெயர் ஃபியோகுரோமோசைட்டோமா. அது அட்ரினலின் வகை ஹார்மோன்களைத் திடீர் திடீரென்று ரத்தத்தில் கொட்டும். அப்போது தலைவலி, படபடப்பு, வேர்வை, ரத்த அழுத்த உயர்வு எல்லாம் வந்து, சிறிது நேரத்தில் தானாக அடங்கிவிடும். சிலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், வேறொரு ஊர் மருத்துவமனையில், தைராய்டு அறுவைக்காகப் படுக்க வைத்த ஒருவருடைய ரத்த அழுத்தம், கத்தி வைப்பதற்கு முன்னரே 260ஐத் தொட்டது. மயக்க மருத்துவர் ஒரு கையால் மருந்தை ஏற்றிக்கொண்டு மறு கையால் எங்களை விலகச் சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைய அறுவை கைவிடப்பட்டது. அவர் பிழைத்ததற்கு அந்த மயக்க மருத்துவரே காரணம். அந்த ஹார்மோன்களின் சிதைவுப் பொருள்கள் சிறுநீரில் தெரியும் என்பதால், முன்னதாக ஒரு சிறுநீர்ச் சோதனை செய்திருந்தால் போதும். அட்ரினல் கட்டி இருப்பது தெரிந்தால், பத்துப் பதினைந்து நாள் மாத்திரைகளால் ரத்த அழுத்தத்தைப் பக்குவப்படுத்தி, அதை முதலில் எடுத்துவிட்டுக் கழுத்துக்கு வருவோம்.

சிறுநீரைச் சேகரிக்கும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது. அதன் பிறகு போவது முழுவதையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் உட்பட, பிடிக்க வேண்டும். தோட்ட வேலைக்குப் போகிற நாளில் இது நடக்காது. ஒருநாள் விடுப்பு எடுக்கட்டும். சில கூடங்களில் கேனுக்குள் அமிலம் ஊற்றித் தருவார்கள், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில மாத்திரைகள் முடிவைப் புரட்டிவிடும். சிறுநீருக்குப் பதிலாக இதையே ரத்தத்தில் பார்க்கும் முறையும் உண்டு.

இவையெல்லாம் முடிந்தபின் செய்யும் அறுவையில் தைராய்டு முழுவதையும், அதை ஒட்டிக் கழுத்தின் நடுப்பகுதியில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். ஸ்கேனில் பக்கவாட்டு முடிச்சுகள் சரியில்லை என்றால் அவற்றையும் சேர்த்தே. கதிரியக்க அயோடின் இந்த நோயில் கைகொடுக்காது என்பதால், முதல் அறுவையில் விட்டதைப் பின்னால் மருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. அதனால் யார் செய்கிறார்கள் என்பதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இந்த வகை அறுவையை ஆண்டில் எத்தனை முறை செய்கிறீர்கள் என்றே கேட்கலாம். நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உண்டு. சேலத்திலேயே செய்துகொள்வதானாலும், அங்கே ஒருமுறை கருத்துக் கேட்டுவிட்டு வருவதில் தவறில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், சேர்க்கைக்கு முன்னரே அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எது அடங்கும், எது அடங்காது என்று கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் இந்த நோய் பெரிதாக மாறிவிடாது. மூன்று மாதம் தள்ளாதீர்கள்.

நான் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறேன், வயது 39. பதினெட்டு மாதங்களுக்கு முன் மெடுல்லரி புற்றுநோய்க்காகத் தைராய்டை முழுவதும் எடுத்தார்கள். அறுவைக்கு முன் கால்சிடோனின் 640. மூன்றாம் மாதம் 22, பத்தாம் மாதம் 26, இப்போது 31. என் பெரியப்பா மகனுக்கும் தைராய்டுப் புற்றுநோய்தான். அவருக்கு அயோடின் கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். எனக்கு ஏன் அதைக் கொடுக்கவில்லை? எண் ஏறிக்கொண்டே போகிறதே, மாத்திரையாக வந்திருக்கிறதாமே, அதையாவது தொடங்கலாமா?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

கதிரியக்க அயோடின் ஓர் ஏமாற்று வேலை செய்கிறது: அயோடினுக்குப் பசித்திருக்கும் உயிரணு அதைச் சாதாரண அயோடின் என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்ள, உள்ளே போன கதிரியக்கம் அதை அழித்துவிடுகிறது. உங்கள் பெரியப்பா மகனுக்கு வந்தது அயோடின் உண்ணும் வகையாக இருந்திருக்கும். ‘சி’ உயிரணு அயோடினைத் தொடுவதே இல்லை. கொடுத்திருந்தால் உங்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். இதே காரணத்தால்தான், அவருக்குத் தைராக்சின் மாத்திரையைச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். என்னும் ஹார்மோனின் அளவைக் கீழே அமுக்கி வைத்திருக்கக்கூடிய மருத்துவர், உங்களுக்கு அதை இயல்பான அளவில் வைத்திருக்கிறார். இரண்டு சீட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

கால்சிடோனினில் எண்ணைவிட, அது எவ்வளவு காலத்தில் இரட்டிப்பாகிறது என்பதே முக்கியம். உங்கள் கணக்கைப் பார்ப்போம். பதினைந்து மாதங்களில் 22 என்பது 31 ஆகியிருக்கிறது; இதே வேகத்தில் போனால் 22 என்பது 44 ஆவதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் பிடிக்கும். ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பானால் கவலைக்குரியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் நோய் மிக மெதுவாகப் போகிறது என்று பொருள், அப்படிப்பட்டவர்கள் பல ஆண்டுகள் வேலை வெட்டியோடு நலமாக இருக்கிறார்கள். மூன்று எண்களை வைத்து உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது. இன்னும் ஒன்றிரண்டு முறை பார்த்தால் கோடு தெளிவாகும். எங்கோ சில உயிரணுக்கள் மிஞ்சியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் 150க்குக் கீழே இருக்கும்போது ஸ்கேன்களில் பெரும்பாலும் எதுவும் பிடிபடாது. பிடிபட்டால் கழுத்து முடிச்சில்தான் இருக்கும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்சிடோனின், சி.இ.ஏ., கழுத்து ஸ்கேன் ஆகிய மூன்றையும் செய்துகொண்டால் போதுமானது. ஒவ்வொரு ஆண்டும் உடம்பு முழுக்கப் பெட் ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், அதனால் என்ன முடிவு மாறப்போகிறது என்று கேளுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட மாத்திரைகள் உண்மையானவையே. அமெரிக்காவில் 2011இல் வேண்டெட்டனிப், 2012இல் கபோசான்டினிப், 2020இல் செல்பெர்கட்டினிப் ஆகியவை இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்றன. கடைசியாகச் சொன்னது, பிழைபட்ட ஆர்.ஈ.டி. என்னும் ஒரே மரபணுவின் வேலையைக் குறிவைத்துத் தடுப்பது. பரம்பரையாக வராதவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருடைய கட்டியில் அந்தப் பிழை இருக்கும், அதைக் கட்டியின் திசுவில் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் இவை நோய் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ எலும்புக்கோ பரவி, அங்கே வளர்ந்துகொண்டிருப்பவர்களுக்கானவை. நோயை அடக்கி வைக்குமே தவிர, வேரோடு எடுக்கும் என்று சொல்வதற்கில்லை. வேண்டெட்டனிப் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும், கபோசான்டினிப் உள்ளங்கை தோலை உரித்துவிடக்கூடும். ஊதுகுழலும் இடுக்கியும் பிடித்துச் சலங்கை மணியளவு வளையத்தைப் பற்றவைக்கிற கைக்கு, 31 என்ற எண்ணுக்காக அந்தத் துன்பத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் அறுவைக்குப் பின் எடுத்த திசுவையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள்; என்றாவது தேவைப்பட்டால் அந்த மரபணுச் சோதனைக்கு அந்தத் திசுவே போதும்.

பற்றவைப்புப் புகையால் வந்ததா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதன்று, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மெடுல்லரி நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவந்ததில்லை. உங்கள் கடிதத்தில் நான் தேடியும் காணாத ஒன்று, உங்கள் சொந்த ரத்தத்தில் ஆர்.ஈ.டி. மரபணுச் சோதனை செய்தார்களா என்பது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றாலும் மெடுல்லரி நோயாளி ஒவ்வொருவருக்கும் அதைச் செய்ய வேண்டும். ஏன் என்பது அடுத்த கடிதத்தில் வருகிறது.

என் அம்மாவுக்கு 2 ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் கண்டது. மரபணுச் சோதனையில் ‘634’ என்ற இடத்தில் கோளாறு என்றார்கள். எனக்கும் அது இருப்பதாகப் போன மாதம் தெரிந்தது. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு பெண்கள், 9 வயதும் 4 வயதும். ஓடி ஆடித் திரிகிற குழந்தைகளுக்குச் சோதனை செய்து, இருந்தால் தைராய்டை எடுக்க வேண்டுமாம். நோயே வராத குழந்தைக்குக் கத்தி வைப்பதா? விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் எப்படி அமையும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொண்டலாம்பட்டி

முதலில் உங்கள் பெற்றோர் மேல் விழுந்த பழியை இறக்கி வைக்கிறேன். சொந்தத்தில் மணம் முடிப்பதால் கூடுகிற நோய்கள் உண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் கெட்ட மரபணு இரண்டு சேர்ந்தால் மட்டும் வருகிறவை அவை. இது அப்படிப்பட்டதன்று. ஆர்.ஈ.டி. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தாலே போதும். உங்கள் அம்மா தூரத்து ஊரில் அறியாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் உங்களுக்கு இது வர இருந்த வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். உங்கள் மகள்கள் ஒவ்வொருவருக்கும் அதே பாதிக்குப் பாதி. ஒருத்திக்கு இருப்பதால் மற்றவளுக்கு இருந்தே ஆக வேண்டும் என்றோ, இருக்காது என்றோ கிடையாது.

இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள உறவு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் இத்தகைய குடும்பங்களில் ஆண்டுதோறும் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக் கால்சிடோனினைத் தூண்டிப் பார்த்து, ஏறினால் அறுவை செய்தார்கள். பலருக்கு அப்போதே காலம் கடந்திருந்தது. இப்போது உங்கள் குடும்பத்தில் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்திருப்பதால், குழந்தைகளின் ரத்தத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். வாழ்நாளில் ஒரே முறைதான். இல்லை என்று வந்தால், அந்தக் குழந்தைக்கும் அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் இந்தக் கவலையே கிடையாது. எந்தச் சோதனையும் வேண்டாம்.

இருக்கிறது என்று வந்தால்? எந்த இடத்தில் கோளாறு என்பதைப் பொறுத்து நோய் தலைகாட்டும் வயது மாறுகிறது. 918 என்ற இடமானால் பிறந்த முதலாண்டிலேயே சுரப்பியை எடுக்கச் சொல்கிறோம். உங்கள் 634, அதற்கு அடுத்த படி. ஐந்து வயதுக்குள் அல்லது ஐந்து வயதில் எடுப்பது முறை. வேறு சில இடங்களில் கால்சிடோனினை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியும், 634இல் அந்தச் சலுகை குறைவு. ஆகவே ‘நோயே வராத குழந்தை’ என்று நீங்கள் எழுதியிருப்பதை ‘நோய் இன்னும் கண்ணுக்குத் தெரியாத குழந்தை’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுப் பெண்ணுக்குச் சோதனையை இந்த மாதமே செய்யுங்கள். இருந்தால் கால்சிடோனினும் கழுத்து ஸ்கேனும் பார்த்து அறுவையைத் தள்ளாமல் முடிக்க வேண்டும். நான்கு வயதுப் பெண்ணுக்கு நேரம் இருக்கிறது; ஆனால் நிறைய இல்லை. சிறு குழந்தையின் கழுத்தில் பாராதைராய்டு என்னும், கால்சியத்தைக் காக்கிற சுரப்பிகள், அரிசி மணி அளவுகூட இருக்காது. அவற்றைப் பிழையின்றி விட்டுவைக்கத் தெரிந்த கை வேண்டும் என்பதால், குழந்தைகளுக்கு இந்த அறுவையைச் செய்து பழகிய இடத்துக்கே செல்லுங்கள், தொலைவானாலும் சரி. பிறகு தினமும் ஒரு தைராக்சின் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு அவள் மற்றப் பெண்களைப்போலவே வளர்வாள், படிப்பாள், பிள்ளை பெறுவாள். அட்ரினல் சோதனையைப் பதினோரு வயதிலிருந்து ஆண்டுதோறும் செய்ய வேண்டும். கர்ப்பம் தரிப்பதற்கு முன் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உங்களுக்கும் இப்போதே அட்ரினல், கால்சியம், கால்சிடோனின் மூன்றும் பார்த்தாக வேண்டும். குழந்தைகளைப் பற்றிய கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வரன் பற்றிக் கேட்டதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் உடன்பிறந்தவர்கள், தாய்மாமன், சித்தி, அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோருக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு குடும்பத்தில் அக்கா தன் நோயை மூன்று ஆண்டுகள் மறைத்து வைத்திருந்து, தம்பி கழுத்து நிறைய முடிச்சுகளோடு என்னிடம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் அக்காவின்மேல் கோபப்படவில்லை. ‘சொல்லியிருந்தால் வந்திருப்பேனே’ என்று மட்டும் சொன்னார். நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால், உறவினர்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு கடிதம் எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பல இடங்களில் தருகிறோம். மகள்களுக்கு மணம் பேசும் காலம் வரும்போது அந்த வீட்டாரிடம் மறைக்காமல் சொல்வதே நல்லது. தைராய்டு இல்லாத மருமகளால் எந்த வீட்டுக்கும் குறை வந்துவிடாது.

எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கு அதிகம், வாரத்தில் பாதி நாள் அதுதான். கிழங்கும் முட்டைக்கோஸும் தைராய்டுக்கு ஆகாது என்கிறார்கள். அயோடின் உப்பாலும் புற்றுநோய் வருமாமே?
– ஒரு வாசகர், ஆத்தூர்

ஜவ்வரிசி ஆலைகளின் ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான். மரவள்ளியில் உள்ள சயனைடுச் சேர்மம் உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினை இழுப்பதைத் தடுக்கும். சாப்பாட்டில் அயோடின் பற்றாக்குறையாக இருந்து, கிழங்கே முழு உணவாகவும் இருந்தால் முன்கழுத்துக் கழலை வரலாம். கிழங்கை உரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, அயோடின் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயம் வேண்டாம். நம் நாட்டில் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கியதே இந்த உப்புக்காகத்தான், அதை நிறுத்தாதீர்கள். இந்த இதழில் பேசிக்கொண்டிருக்கும் மெடுல்லரி நோய் அயோடினைச் சீந்தாத உயிரணுவில் வருவதால், கிழங்கும் கோஸும் உப்பும் அதைக் கொண்டுவருவதும் இல்லை, விரட்டுவதும் இல்லை.

எனக்குத் தைராய்டில் சிறு கட்டி. ஊசிச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. மகன் இணையத்தில் படித்துவிட்டுக் கால்சிடோனின் பார்க்கச் சொன்னான். 16 என்று வந்திருக்கிறது. நான்கு நாளாகத் தூக்கமில்லை. வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு நோய் கிடையாது.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 64, சூரமங்கலம்

ஐயா, உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கக்கூடும். வயிற்றில் அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள், அதாவது நாம் ‘கேஸ் மாத்திரை’ என்று சொல்பவை, கால்சிடோனினைச் சற்று ஏற்றிக் காட்டும். சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தாலும் ஏறும். புகைபிடிப்பவர்களுக்கும், பொதுவாகப் பெண்களைவிட ஆண்களுக்கும் எண் சிறிது கூடுதலாகவே நிற்கும். உங்கள் மருத்துவரைக் கேட்டு அந்த மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினோடு சேர்த்து மறுபடியும் பாருங்கள். 10க்குக் கீழே வந்துவிட்டால் மறந்துவிடலாம். அப்படியே நின்றாலோ ஏறினாலோ, அந்தக் கட்டியில் மறுபடி ஊசி போட்டு, ஊசியைக் கழுவிய நீரிலேயே கால்சிடோனினைப் பார்க்கும் முறை இருக்கிறது; சந்தேகத்தைப் பெரும்பாலும் அது தீர்த்துவிடும். 100ஐத் தாண்டியிருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன்.

தைராய்டில் கட்டி உள்ள எல்லாருக்கும் இந்தச் சோதனை வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பாவில் பலர் வேண்டும் என்கிறார்கள். அமெரிக்க வழிகாட்டுதல் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் பார்த்தால், உங்களைப்போல் நோயில்லாத பலர் தூக்கமிழப்பார்கள். யாருக்கும் பார்க்காவிட்டால், ஊசியில் தப்பிய சிலர் தாமதமாகத்தான் பிடிபடுவார்கள். என் வழக்கம், அறுவைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் முன்னதாக ஒருமுறை பார்ப்பது. அதைத் தவிர, கட்டியோடு காரணம் தெரியாத நாட்பட்ட வயிற்றுப்போக்கு, முகம் சிவந்து சூடேறுதல், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு அல்லது அட்ரினல் கட்டி இருந்த வரலாறு, நாக்கிலும் உதட்டிலும் சிறு சிறு குமிழ்கள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பார்ப்பேன். வயிற்றுப்போக்கைக் குடல் கோளாறு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் கழுத்துக்கு வருகிறவர்கள் உண்டு.

அறுவை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரவென்று இருக்கிறது. தைராக்சின், கால்சியம் இரண்டையும் காலைக் காபியோடு சேர்த்துத்தான் போடுகிறேன்.
– ஒரு வாசகி, மேட்டூர்

மரமரப்பு, ரத்தத்தில் கால்சியம் குறைவதன் அறிகுறி. அறுவையில் பாராதைராய்டுகள் அதிர்ந்துபோனால் இப்படி வரும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் மாத்திரை போடும் முறையை இன்றே மாற்றுங்கள். தைராக்சினை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, காபிக்கு முக்கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியத்தை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி, சாப்பாட்டோடு போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கால்சியம் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நாளைக் காலையில் கால்சியம் அளவைப் பார்த்துவிட்டு உங்கள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள், வைட்டமின் டி வகை மாத்திரை ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். இதற்கிடையில் விரல்கள் தானாக மடங்கி இழுத்துக்கொண்டாலோ மூச்சு அடைப்பதுபோல் இருந்தாலோ, காலைவரை காத்திருக்காமல் அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், தைராய்டு எடுத்திருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.